டர்ஹம் பேராலயத்தில் எதைப் பார்ப்பது, அதன் கூரை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

குடும்பத்தோடு இங்கிலாந்து போகிற ஒருவர் டர்ஹம் பேராலயத்துக்கு அரைநாள் ஒதுக்கியிருக்கிறார். "கட்டடக்கலை வரலாற்றில் முக்கியமான தேவாலயம் என்கிறார்கள். படங்களில் பார்த்தால் தடித்தடியான தூண்கள்தான் தெரிகின்றன. அதில் என்ன விசேஷம்? உள்ளே எதைப் பார்க்க வேண்டும், எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

நேரம் குறைவாக இருந்தால் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று தலைக்கு மேலே இருக்கும் கல் கூரை. இன்னொன்று கிழக்குக் கோடியில், பீடத்துக்குப் பின்னால் தரையில் பதித்திருக்கும் ஒரு கல். அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவருக்காகத்தான் அந்தக் கூரையே எழும்பியது. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

கல்லுக்குக் கீழே இருப்பவர் புனித கத்பெர்ட். துறவி, பிறகு ஆயர். கடைசிக் காலத்தில் தனிமையை நாடி, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலில் உள்ள ஃபார்ன் தீவுக்குப் போய் அங்கேயே 687-ல் இறந்தார். பக்கத்தில் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தில் அடக்கம் செய்தார்கள். பதினோரு வருடம் கழித்து, 698-ல், எலும்புகளை எடுத்து மரியாதையான இடத்தில் வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்ததாக அந்த மடத்தார் சொன்னார்கள். அப்போது செய்த ஓக் மரப் பெட்டியில் கிறிஸ்துவையும் அப்போஸ்தலர்களையும் வானதூதர்களையும் கோடுகளாகச் செதுக்கினார்கள். அந்தப் பெட்டியின் துண்டுகள் இன்றும் இருக்கின்றன; அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

793-ல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்னைச் சூறையாடினார்கள். தொல்லை ஓயவில்லை. 875-ல் மடத்தார் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டே கிளம்பிவிட்டார்கள். பல வருடம் அலைந்து, செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் நூறு வருடத்துக்கு மேல் தங்கி, 995-ல் டர்ஹமுக்கு வந்து சேர்ந்தார்கள். வியர் நதி ஒரு பாறைக் குன்றை மூன்று பக்கமும் சுற்றி வளைத்து ஓடுகிற இடம் அது. பெட்டி ஓரிடத்தில் நகர மறுத்தது, மாட்டைத் தேடிப்போன ஒரு பெண் வழிகாட்டினாள் என்று ஐதீகம் சொல்லும். எதிரி எளிதில் ஏற முடியாத குன்று என்பது அந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும்.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கதை மாறுகிறது. 1083-ல் ஆயர் வில்லியம் ஆஃப் செயின்ட் கலே, மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டு கத்பெர்ட்டின் கல்லறையைப் பராமரித்து வந்த பழைய குருக்களை வெளியேற்றினார்; அவர்கள் இடத்தில் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவிகளை அமர்த்தினார். 1088-ல் அரசரோடு பகை மூண்டு மூன்று வருடம் நார்மண்டிக்கு நாடுகடத்தப்பட்டார். திரும்பி வந்ததும், நூறு வருடம்கூட ஆகாத பழைய கல் தேவாலயத்தை இடித்துவிட்டு 1093 ஆகஸ்ட் 11 அன்று புதியதற்கு அடிக்கல் நாட்டினார். ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் மால்கமும் அந்த விழாவில் இருந்தார். அந்த வருடம் முடிவதற்குள் அவர் இங்கிலாந்துப் படையோடு மோதிச் செத்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது எப்படிப்பட்ட எல்லைப் பிரதேசம் என்று புரியும்.

ஆயர் 1096-ல் இறந்துவிட்டார். அடுத்து 1099-ல் வந்த ரானுல்ஃப் ஃப்ளாம்பார்ட் வேறு ரகம். அரசருக்கு வரி வசூலித்துக் கொடுத்தே மேலே வந்தவர். லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டு, திராட்சை ரசப் பீப்பாயில் ஒளித்து அனுப்பிய கயிற்றைப் பிடித்து இறங்கித் தப்பித்தவர். ஆனால் கட்டட வேலையை அவர் விடவில்லை. 1128-ல் அவர் கண்மூடும்போது நடுக்கூடத்தின் சுவர்கள் கூரைமட்டம் வரை வந்திருந்தன. அடுத்த ஆயர் வருவதற்குள் துறவிகளே கூரையைப் போட்டு 1133-ல் முடித்துவிட்டார்கள். நாற்பது வருடம். இந்த அளவுள்ள தேவாலயங்கள் பல இரண்டு மூன்று நூற்றாண்டு இழுத்து, தலைமுறைக்கு ஒரு பாணியாக ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கும். டர்ஹம் நடுக்கூடத்தில் ஒரே மூச்சில் கட்டிய உணர்வு வருவதற்குக் காரணம் இந்த வேகம்தான்.

சரி, இப்போது கூரைக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் வட ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் அகலமான நடுக்கூடத்துக்குப் பெரும்பாலும் மரக்கூரைதான். மரத்துக்கு எடை குறைவு, ஆனால் தீப்பிடிக்கும். கல்லால் வளைத்து மூடினால் தீக்குப் பயமில்லை. ஆனால் கல் வளைவு கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது, இரண்டு பக்கச் சுவர்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அகலமும் உயரமும் கூடக்கூட அந்தத் தள்ளலும் கூடும். டர்ஹம் நடுக்கூடத்தில் கூரை தரையிலிருந்து சுமார் 22 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் சுவர் சாயாமல் பிடித்து நிறுத்த வேண்டும்.

கல்தச்சர்கள் செய்தது இது. நான்கு தாங்குமுனைகளுக்கு நடுவே மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கல் விலா வளைவுகளை எழுப்பினார்கள். குடைக்கம்பி மாதிரி அந்த விலாக்கள் கூரைக்கு உருவம் கொடுக்கின்றன. நடுவில் உள்ள வெற்றிடத்தைச் சிறு கற்களாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் நிரப்பினார்கள். இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. ஒரு சதுரத்தின் பக்கம் 10 அடி என்றால் அதன் மூலைவிட்டம் 14 அடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டின் மீதும் அரைவட்ட வளைவு போட்டால், பக்கத்து வளைவின் உச்சி 5 அடியில் நிற்கும். மூலைவிட்ட வளைவின் உச்சி 7 அடிக்கு ஏறிவிடும். உச்சிகள் ஒரே மட்டத்தில் வராது. கூரை ஒவ்வொரு கட்டத்திலும் கொப்பளித்து நிற்கும். டர்ஹமில் மூலைவிட்ட விலாக்களை அரைவட்டமாகவே விட்டுவிட்டு, நடுக்கூடத்தைக் குறுக்கே தாண்டுகிற பெரிய வளைவுகளை மட்டும் உச்சியில் கூராக்கினார்கள். கூர்வளைவின் உயரத்தை அகலத்துக்குக் கட்டுப்படாமல் வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். உச்சிகள் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன.

நடுக்கூடத்தின் மையத்தில் நின்று மேற்கிலிருந்து கிழக்காக அண்ணாந்து பாருங்கள். குறுக்கே போகும் அகலமான வளைவுகள் ஒவ்வொன்றின் உச்சியிலும் அந்தக் கூர் தெரியும். கூர்வளைவும் விலாக்களுமாகப் பின்னால் ஐரோப்பாவில் பரவிய கோதிக் பாணி, பிரான்சில் செயின்ட் டெனிஸ் தேவாலயத்தில் பிறந்தது என்று எல்லாரும் படிக்கிறோம். அங்கே புது வேலை 1130-களின் நடுவில்தான் தொடங்கியது. விலா வளைவு, கூர்வளைவு இரண்டும் ஒரு பெரிய நடுக்கூடத்தின் மேல் சேர்ந்து நின்றது டர்ஹமில் அதற்கு முன்பே நடந்துவிட்டது. அதனால்தான் கட்டடக்கலை படித்தவர்கள் இந்தக் கூரையின் கீழே கழுத்து வலிக்கும்வரை நிற்கிறார்கள்.

மூன்றாவது ஒரு சமாச்சாரமும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. பக்கக் கூடங்களின் மேல்தளத்தில், சாய்கூரைக்கு அடியில், கால்வட்ட வடிவக் கல் வளைவுகள் நடுக்கூடச் சுவருக்கு வெளியிலிருந்து முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. பின்னால் வந்த கோதிக் பேராலயங்களில் வெளியே பறக்கும் முட்டு வளைவுகளாகப் பகிரங்கமாக நிற்கப்போகிற யோசனை, இங்கே கூரைக்குள் ஒளிந்திருக்கிறது.

கூரை வேலை எல்லாம் முதல் முயற்சியிலேயே ஜெயித்துவிடவில்லை. பாடகர் பகுதி என்கிற கிழக்குப் பாதிதான் முதலில் முடிந்தது. 1104-ல் கத்பெர்ட்டின் உடலைப் புதிய கல்லறைக்குக் கொண்டுவர நாள் குறித்தாயிற்று; ஆனால் பீடத்துக்கு மேலே புது வளைவுக்கு அடித்த சென்ட்ரிங் மரங்கள் இன்னும் பிரிக்கப்படவில்லை. துறவிகள் தவித்துக்கொண்டிருக்க, ராத்திரியோடு ராத்திரியாக மரங்கள் தாமாகவே சரிந்து விழுந்தன, பீடத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை, எல்லாம் கத்பெர்ட்டின் அருள் என்று அந்தக் காலத்துத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டட வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்த அற்புதக் கதை ஒரு பொக்கிஷம்: 1104-ல் அங்கே கல் வளைவு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த வளைவில் பிறகு விரிசல் விட்டது. 13-ம் நூற்றாண்டில் அதை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். ஆகவே பாடகர் பகுதியில் மேலே நீங்கள் பார்ப்பது பிற்காலத்தது. டர்ஹமின் மிகப் பழைய விலா வளைவுகளைப் பார்க்க வேண்டுமானால் அதன் இருபுறமும் உள்ள பக்கக் கூடங்களுக்குப் போங்கள். தாழ்வாக, கைக்கெட்டும் உயரம் போலத் தோன்றும், 1090-களின் வேலை. அங்கே விலாக்கள் மழமழவென்று உருண்டையாக இருக்கும். நடுக்கூடத்தில் மேற்கே போகப்போக அதே விலாக்களில் பல் பல்லாக வளைந்து நெளியும் கோடு சேர்ந்துகொள்கிறது. தச்சர்களின் கை தேறி, அலங்காரத்தில் துணிச்சல் வந்ததை நடந்துகொண்டே பார்க்கலாம்.

இனி அந்தத் தூண்கள். நடுக்கூடத்தில் ஒன்று விட்டு ஒன்று மாறி வரும்: பல மெல்லிய தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கொத்துத் தூண், அடுத்தது மொழுக்கென்ற உருளைத் தூண். உருளைத் தூணின் சுற்றளவும் உயரமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் சுமார் 6.6 மீட்டர். அந்தப் பருமன் கனமாக அழுத்தாமல் இருப்பதற்குக் காரணம் அதில் வெட்டியிருக்கும் கோலங்கள். ஒன்றில் வளைந்து நெளியும் பட்டை, ஒன்றில் சாய்சதுரக் கட்டம், ஒன்றில் நெடுக்குப் பள்ளங்கள். எதிரெதிர்த் தூண்களுக்கு ஒரே கோலம்.

ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று, கல்லும் கல்லும் சேரும் மெல்லிய சாந்துக் கோட்டைத் தேடுங்கள். ஒவ்வொரு கல்லிலும் கோலத்தின் ஒரு துண்டுதான் இருக்கும்; அது பக்கத்துக் கல்லில் பிசகாமல் தொடரும். தூணைக் கட்டி முடித்துவிட்டுச் செதுக்கியது அல்ல இது. தரையில், பட்டறையில், சில அச்சுகளை வைத்துக் கல் கல்லாக வெட்டி, பிறகு மேலே ஏற்றி அடுக்கியிருக்கிறார்கள். சாய்சதுரம் தூணைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே பொருந்த வேண்டுமானால், முதல் கல்லை வெட்டும்போதே சுற்றளவையும் கற்களின் எண்ணிக்கையையும் முடிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கொத்தனார்களில் ஒருவர் பேர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இந்தத் தேவாலயத்தில் மனசை மிகவும் தொடுகிற இடம் அந்தச் சாந்துக் கோடுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். சுருளாக மேலே ஏறும் கோலம் கிழக்குப் பாதித் தூண்களில் மட்டும்தான் வரும். ரோமில் புனித பேதுருவின் கல்லறையைச் சுற்றிப் பழங்காலத்தில் முறுக்குத் தூண்கள் நின்றன. அதை நினைவில் வைத்து, கத்பெர்ட்டின் கல்லறை நெருங்குகிறது என்று சொல்லவே சுருளை அங்கே வைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

நடுக்கூடத்தின் மேற்குப் பக்கம், தரையில் ஒரு கறுப்புக் கல் பட்டை குறுக்கே ஓடும். பெண்கள் அதைத் தாண்டிக் கிழக்கே வரக்கூடாது என்று துறவிகள் வைத்த எல்லை. கத்பெர்ட்டுக்குப் பெண்கள் வாசமே ஆகாது என்று காரணம் சொன்னார்கள். இது அந்த மனிதருக்குச் செய்த அநியாயம். அவருடைய வாழ்க்கையை எழுதிய துறவி பீட், அவர் பெண் மடத் தலைவி எல்ஃப்ளெட்டோடு பேசிப் பழகியதையெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார். குடும்பஸ்தர்களான பழைய குருக்களை விரட்டிவிட்டு உட்கார்ந்த புதிய துறவிகளுக்கு அப்படி ஒரு கத்பெர்ட் தேவைப்பட்டிருக்கிறார்.

அந்தப் பட்டையின் கல்லைக் குனிந்து பாருங்கள். ஃப்ராஸ்டர்லி பளிங்கு என்பார்கள்; உண்மையில் மெருகேறும் ஒருவகைக் கறுப்புச் சுண்ணாம்புக்கல், அருகில் உள்ள வியர் பள்ளத்தாக்கில் கிடைப்பது. அதில் வெள்ளை வெள்ளையாகச் சுழியும் கொம்பும் போலத் தெரிபவை 30 கோடி வருடங்களுக்கும் மேல் முன்பு வெப்பக்கடலில் வாழ்ந்த பவளங்களின் புதைபடிவங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் காட்டுங்கள். இதே கல்லில் செய்த மெல்லிய தண்டுகள் கிழக்குக் கோடியில் நிறைய நிற்கும்.

மேற்குக் கோடியில் இருப்பது கலிலேயா சிற்றாலயம். 1170-களில் ஆயர் ஹியூ டு ப்யூசே கட்டியது. அவர் மாதாவுக்கு ஒரு சிற்றாலயத்தை வழக்கப்படி கிழக்கே கட்டத்தான் ஆரம்பித்தார். சுவரில் விரிசல் மேல் விரிசல். கத்பெர்ட்டுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி மேற்குப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கிழக்குப் பக்க மண்ணில் பிடிப்பு போதவில்லை என்பது பிற்காலப் பொறியாளர்களின் விளக்கம். பிரமாண்டமான நடுக்கூடத்திலிருந்து அங்கே இறங்கினால் எல்லாமே சன்னம்: ஒல்லித் தூண்கள், நெளிகோடு வெட்டிய வளைவுகள், தாழ்ந்த கூரை. முதலில் ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு தண்டுகள்தான் இருந்தன. 15-ம் நூற்றாண்டில் கர்தினால் லாங்லி மேலும் இரண்டைச் சேர்த்துப் பலப்படுத்தினார். அவருடைய கல்லறை பழைய மேற்கு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாம் வடக்கு வாசல் வழியாக நுழைய வேண்டியிருப்பது அதனால்தான். பீட்டின் எலும்புகளும் இந்தச் சிற்றாலயத்தில்தான் இருக்கின்றன. அவர் வாழ்ந்த ஜாரோ மடத்திலிருந்து 11-ம் நூற்றாண்டில் டர்ஹம் குரு ஒருவர் ரகசியமாக எடுத்து வந்துவிட்டார்!

வடக்கு வாசல் கதவில் சிங்க முகம் போன்ற ஒரு வெண்கலக் கைப்பிடி இருக்கும். குற்றம் செய்துவிட்டு ஓடி வருகிறவன் அதைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம். தோளில் மஞ்சள் சிலுவை தைத்த கறுப்பு அங்கி கொடுப்பார்கள். அதற்குள் அவன் வழக்கைச் சந்திக்கவோ நாட்டை விட்டுப் போகவோ முடிவெடுக்க வேண்டும். கதவில் இருப்பது நகல். 12-ம் நூற்றாண்டு அசல் உள்ளே அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கிழக்கே ஒன்பது பீடங்களின் சிற்றாலயம் 1242-ல் தொடங்கிய கோதிக் வேலை. உயரம், வெளிச்சம், பெரிய வட்டச் சன்னல் எல்லாம் உண்டு. அழகுதான், ஆனால் இந்தத் தரத்தில் கோதிக் வேலை இங்கிலாந்தில் வேறு இடங்களிலும் கிடைக்கும். நடுக்கூடத்துக்கு வைத்திருக்கும் நேரத்தை இங்கே செலவழிக்க வேண்டாம்.

கத்பெர்ட்டின் இடம் இதற்கும் பெரிய பீடத்துக்கும் நடுவில், படியேறிப் போகும் மேடையில். பீடத்தின் பின்திரையாக நிற்கும் வெண்கல் வேலைப்பாடு நெவில் குடும்பத்தார் கொடுத்தது. பிரான்சின் கான் நகரத்துக் கல். லண்டனில் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து 1380-ல் நிறுத்தினார்கள். அதன் மாடங்களில் 107 சொரூபங்கள் இருந்தன. எட்டாம் ஹென்றி அரசர் காலத்து மதச் சீர்திருத்தத்தில் எல்லாம் போயிற்று. மாடங்கள் இன்றும் காலி. கத்பெர்ட்டின் பொன்னும் மணியும் பதித்த கல்லறையையும் அப்போதுதான் உடைத்தார்கள். 1539 கடைசி நாளில் மடமும் மூடப்பட்டது. உடலை அதே இடத்தில் தரைக்கடியில் புதைத்தார்கள். இப்போது மேலே பேர் மட்டும் வெட்டிய சாதாரணக் கல்.

மர வேலைப்பாடு பழையதாக அதிகம் இல்லையே என்று தோன்றினால், அதற்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. 1650-ல் டன்பார் போரில் பிடித்த ஸ்காட்லாந்துக் கைதிகள் சுமார் 3,000 பேரை இங்கிலாந்துத் தளபதி க்ராம்வெல்லின் படை இந்தப் பேராலயத்துக்குள் அடைத்தது. பட்டினி, வயிற்றுப்போக்கு, குளிர். கையில் கிடைத்த மரத்தையெல்லாம் எரித்துக் குளிர்காய்ந்தார்கள். சுமார் 1,700 பேர் இறந்துபோனார்கள். அவர்களை எங்கே புதைத்தார்கள் என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2013-ல் பக்கத்தில் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்துக்குத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆராய்ந்து பார்த்து அந்தக் கைதிகள்தான் என்று உறுதி செய்து 2018-ல் மறுபடி அடக்கம் செய்தார்கள். தெற்குக் குறுக்குக் கூடத்தில் இருக்கும் மூத்த துறவி காஸலின் மரக் கடிகாரம் மட்டும் தப்பித்தது. அதன் உச்சியில் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடிப் பூ செதுக்கியிருப்பதால் விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். இன்று பாடகர் பகுதியில் காணும் கறுத்த இருக்கைகள் 1660-க்குப் பிறகு ஆயர் கோசின் செய்வித்தவை.

வெளிச்சுவர் சற்று மொட்டையாகத் தெரிந்தால் வியக்க வேண்டாம். 18-ம் நூற்றாண்டின் கடைசியில், அரித்துப்போன மணற்கல்லைச் சரிசெய்கிறோம் என்று மேற்பரப்பில் சில அங்குலத்தை உளியால் சீவித் தள்ளிவிட்டார்கள். நார்மன் தச்சர்கள் விட்ட நிழல் மேடுகளெல்லாம் அதில் போயின. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் காலத்தில் துறவிகளின் ஆலோசனை மண்டபம் பாதி இடிபட்டது. கலிலேயா சிற்றாலயத்தையும் இடித்து வண்டிப்பாதை போட யோசனை இருந்தது. நல்லவேளை, எதிர்ப்பு கிளம்பி அது நின்றது.

அரைநாளில் கடைசி ஒரு மணி நேரத்தை அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது, காணிக்கை போடலாம். அருங்காட்சியகத்துக்கு மட்டும் தனிச் சீட்டு. 1827-ல் கத்பெர்ட்டின் கல்லறையைத் திறந்தபோது எடுத்த 698-ம் வருடத்துப் பெட்டியின் துண்டுகளும், அவர் மார்பில் கிடந்த, தங்கத்தில் செந்நிறக் கற்கள் பதித்த சிறிய சிலுவையும் அங்கே இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கிவிடும் சிலுவை. ஒரு கை முறிந்து பழைய காலத்திலேயே ஒட்டவைத்திருப்பது தெரியும். அவை இருக்கும் கூடம் மடத்தின் பழைய சமையற்கட்டு. கல்தச்சர் ஜான் லூயின் 1366 முதல் கட்டியது. எண்கோண அறை, எட்டு மூலையிலிருந்தும் கிளம்பும் கல் விலாக்கள் ஒன்றையொன்று வெட்டி, நடுவில் புகை போக ஒரு திறப்பை விட்டுவிட்டு நிற்கின்றன. கூரையில் தூணே இல்லாத இந்த வேலையை நடுக்கூடத்தைப் பார்த்த கையோடு பார்த்தால், 1093-ல் ஆரம்பித்த யோசனை இருநூற்று எழுபது வருடத்தில் எவ்வளவு லாவகமாகிவிட்டது என்பது உங்களுக்கே தெரியும்.